பட்டனை அழுத்தினால் குழு: நாமே ஆள் சேர்த்த காலம் உண்மையிலேயே நன்றாக இருந்ததா?

#1 பழைய_டேங்க்

நேற்று ராத்திரி தம்பி பையன் ஆன்லைன் கேம் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பட்டனை அழுத்தினான். நாற்பது விநாடிக்குள் நாலு பேர் வந்தார்கள், இருபது நிமிடத்தில் டஞ்சன் (எதிரிகள் நிறைந்த குகை மாதிரி இடம்) முடிந்தது, ஐந்து பேரும் மறைந்தார்கள். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. "யார்டா இவங்கெல்லாம்?" என்று கேட்டேன். "தெரியல பெரியப்பா, ரேண்டம்" என்றான். அந்தப் பதில் ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் இந்த இழை.

நான் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் தொடங்கியது 2006இல். அப்போது துபாயில் வேலை, ஐரோப்பிய சர்வரில் ஆட்டம். டெட்மைன்ஸ் என்கிற டஞ்சனுக்குப் போக வேண்டுமென்றால் ஸ்டார்ம்விண்ட் நகரத்தில் நின்று சாட் சானலில் கத்த வேண்டும்: "டெட்மைன்ஸ், ஹீலர் ஒருத்தர் போதும், வந்தால் கிளம்பலாம்." அரை மணி நேரம் கத்தி ஹீலர் (மற்றவர்களைக் குணப்படுத்துபவர்) கிடைத்தால், அதற்குள் வேறொருவன் சாப்பிடப் போயிருப்பான். எல்லாரும் கூடிய பிறகு வெஸ்ட்ஃபால் வயல்களைத் தாண்டி மூன்புரூக் வரை நடை. குதிரை 40ஆம் லெவலில்தான். நாங்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. மூன்புரூக்கில் ஒரு வீட்டுக்குள் புகுந்து சுரங்கத்தில் இறங்கினால், டஞ்சன் வாசலுக்கு முன்பே தடியர்கள் நிற்பார்கள். வாசலைக் கண்ணால் பார்க்காமலே செத்துப் பேயாகி ஓடி வந்த குழுக்கள் எத்தனையோ.

அந்த நடையில்தான் பேச்சு வரும். ஒருநாள் வந்த ஹீலர் போலந்துக்காரர், லாரி ஓட்டுபவர். கடைசி வில்லன் வான்கிளீஃபின் கப்பலில் மூன்று முறை செத்தோம். நாலாவது முறை முடிந்தது. மறுநாள் நான் உள்ளே வந்ததும் அவரிடமிருந்து செய்தி: "இன்றைக்கும் சாகலாமா?" அப்புறம் மூன்று வருடம் ஒரே கில்டில் (நிரந்தரச் சங்கத்தில்) இருந்தோம்.

2009 டிசம்பரில் 3.3 பேட்ச் (ஆட்டத்தின் புதுப்பிப்பு) வந்தது, டஞ்சன் ஃபைண்டரும் கூடவே வந்தது. எங்கே நின்றாலும் சரி, பட்டனை அழுத்தினால் உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு உள்ளேயே போட்டுவிடும். முதல் வாரம் நானும் கொண்டாடினேன், மறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நண்பர் பட்டியலில் புதுப் பெயர் ஒன்றுகூட ஏறவில்லை.

சொல்லுங்கள். எனக்கு வயதாகிவிட்டதா, அல்லது நிஜமாகவே ஏதோ போய்விட்டதா?

#2 மூன்றாம்_ஷிஃப்ட்

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், வயதாகிவிட்டது. கோபிக்க வேண்டாம் அண்ணா.

நான் மில்லில் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டால் ஆடக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், அதுவும் காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் ஊரில் நின்று கத்தினால் யார் வருவார்கள்? நீங்கள் சொல்லும் அரை மணிக் கத்தல், கால் மணி நடை, மூன்று சாவு, இவ்வளவையும் கூட்டினால் என் நாள் முடிந்தது. உங்களுக்கு அந்த நடை இனிக்கிறது, ஏனென்றால் நடந்துபோய்ச் சேர்ந்தீர்கள். ஆள் கிடைக்காமலே படுக்கப்போன ராத்திரிகளை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

எனக்குப் பட்டன் என்பது ஷேர் ஆட்டோ. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஸ்டாண்டில் இறங்கினால் போதும்.

#3 வாழைப்பழ_மந்திரவாதி

ஷேர் ஆட்டோவில், பட்டன் குழுவில் மாதிரி, பாதி வழியில் "இவரை இறக்கிவிடலாமா?" என்று ஓட்டுப்போட மாட்டார்கள், நண்பரே.

#4 கில்ட்_கணக்கப்பிள்ளை

ஒரு சின்ன வரலாறு சொல்கிறேன், ஏனென்றால் 2009இல்தான் தானியங்கி வந்தது என்று எல்லாரும் நினைக்கிறோம்.

டஞ்சன் வாசல்களுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்குமே, இரண்டு பேர் சேர்ந்து தொட்டு மூன்றாமவரை வரவழைப்போமே, அந்தக் கல் 2005இல் வந்தபோது அதன் வேலையே வேறு. அதைத் தொட்டால் அந்த டஞ்சனுக்கான வரிசையில் உங்கள் பெயர் சேரும், ஆள் சேர்ந்ததும் குழு போட்டுக் கொடுக்கும். அதாவது அதுவும் தானியங்கிதான். நான் பார்த்தவரை யாரும் சீண்டவில்லை. அந்தக் கல் வரைக்கும் நடந்துபோய்த் தொட்டுவிட்டு ஆள் வருமா என்று காத்திருக்க யாருக்குப் பொறுமை? நகரத்தில் கத்துவதே மேல் என்று இருந்துவிட்டோம். அப்புறம்தான் அதை ஆளை வரவழைக்கும் கல்லாக மாற்றினார்கள்.

ஆக, தானாக ஆள் சேர்ப்பதால் மட்டும் ஊர் மாறிவிடவில்லை. 2009இல் வந்ததில் மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. தானாக ஆள் சேர்ப்பது ஒன்று. வாசலுக்குள் தூக்கிப்போடுவது இரண்டு. மூன்றாவதுதான் முக்கியம்: பல சர்வர்களின் ஆட்களை ஒன்றாகக் கலக்கியது. பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு சர்வர் பெயர் வரும், நினைவிருக்கிறதா? கோடு போட்ட பெயர் என்றால் இனி அந்த மனிதரைப் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். குழு கலைந்த பிறகு அவரைத் தேடிப் பேச அப்போது வழியே இல்லை.

அதற்கு முன்பு சர்வர் ஒரு ஊர் மாதிரி. பொருளைத் திருடிக்கொண்டு ஓடினவன் பெயர் மறுநாள் சானலில் நாறும். அவன் பெயர் மாற்றிக்கொள்ளவோ சர்வர் மாறவோ காசு கட்ட வேண்டும். நல்ல டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) என்றால் அதுவும் ஊருக்கே தெரியும். பழைய_டேங்க் அண்ணா, உங்கள் போலந்து நண்பர் மறுநாள் செய்தி அனுப்ப முடிந்ததே அவர் உங்கள் சர்வர்க்காரர் என்பதால்தான். அதே ஆள் 2010இல் பட்டன் வழியாக வந்திருந்தால், கப்பலில் முப்பது முறை சேர்ந்து செத்திருந்தாலும் மறுநாள் செய்தி வந்திருக்காது.

#5 பழைய_டேங்க்

சரியாகச் சொன்னீர்கள். கோட்டை மறந்தே போயிருந்தேன்.

ஆனால் நடையை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. வேலை இல்லாத நேரத்தில்தான் மனிதன் பேசுவான். டஞ்சனுக்குள் போனால் பேச எங்கே கை ஓய்கிறது?

#6 பொச்சிங்கி_பொன்னன்

பெரியவர்கள் எல்லாம் டிராகன் கதை பேசுகிறீர்கள். நான் போன் ஆள். பப்ஜி மொபைல், தடைக்குப் பிறகு பிஜிஎம்ஐ. எங்களுக்கும் இதே பஞ்சாயத்துதான்.

ஸ்க்வாடில் (நாலு பேர் அணியில்) ரேண்டம் போட்டால் மூன்று பேர் வருவார்கள். ஒருவன் எரங்கல் மேப்பில் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போவான். ஒருவன் மைக்கை ஆன் செய்து வைத்திருப்பான், வீட்டு மிக்ஸி சத்தம் முழுக்க நமக்கு. மூன்றாமவன் குதித்த இடத்திலேயே செத்து, நாம் போய் எழுப்பவில்லை என்று திட்டிவிட்டு வெளியேறுவான். ஹாஸ்டல் பையன்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அது வேறு ஆட்டம். "வலது பக்க மாடி, ஜன்னல்" என்று நாலு சொல் போதும்.

ஆனால் ஒன்று. ஹாஸ்டல் முடிந்தது, நாலு பேரும் நாலு ஊர். ஒருவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இப்போது நானும் ரேண்டம்தான். சில நாள் நானே அந்த மிக்ஸி ஆள்.

#7 கணக்கு_வாத்தியார்

இதில் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது, யாரும் தொடவில்லை.

ஐந்து பேர் குழு: டேங்க் 1, ஹீலர் 1, அடிக்கிற ஆள் 3. க்யூவில் 100 பேர் நிற்கிறார்கள், அதில் டேங்க் 12 பேர் என்று வையுங்கள். எத்தனை கெட்டிக்கார நிரல் எழுதினாலும் 12 குழுதான். 60 பேர் உள்ளே போவார்கள், 40 பேர் நிற்பார்கள், அவர்களில் முக்கால்வாசி அடிக்கிற ஆட்கள். பட்டன் டேங்கை உற்பத்தி செய்வதில்லை. இருக்கிற டேங்கைத் தேடும் வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். (பழைய_டேங்க் அவர்களே, தம்பி பையன் டேங்கா? நாற்பது விநாடி என்றதும் சந்தேகம் வந்தது.)

வார்கிராஃப்டை நடத்தும் ப்ளிஸர்ட் கம்பெனிக்கும் இது தெரிந்ததுதான். 2011 ஏப்ரலில் 4.1 பேட்சில், பற்றாக்குறையான வேடத்தில் வருபவருக்குக் கூடுதல் பை என்று அறிவித்தார்கள். உள்ளே தங்கம், அதிர்ஷ்டம் இருந்தால் அபூர்வ வாகனம். தனியாக க்யூவில் நின்றால்தான் கிடைக்கும், நண்பர்களோடு சேர்ந்து வந்தால் கிடையாது. அதாவது நண்பனோடு வராமல் இருப்பதற்குக் கூலி!

அதற்கு முன்பே ஆக்குலஸ் கூத்து வேறு. ஆளுக்கொரு டிராகன் மேல் ஏறிச் சண்டை போடும் டஞ்சன் அது. ரேண்டமில் அந்தப் பெயர் திரையில் வந்ததும் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். கடைசியில் அங்கே மட்டும் கூடுதல் பரிசும் நீல டிராகன் வாகனம் கிடைக்கும் வாய்ப்பும் வைத்தார்கள். கையால் சேர்த்த குழு ஒருநாளும் ஆக்குலஸ் வாசலில் நின்று ஓடாது, ஏனென்றால் எங்கே போகிறோம் என்று பேசித்தானே கிளம்பினோம்.

#8 பழைய_டேங்க்

டேங்க்தான். கண்டுபிடித்துவிட்டீர்கள். ரத்தம் அப்படி.

#9 சொர்க்கவாசல்

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்கிற ஆட்டத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே நாலு பேர் குழுதான், நாலு பேருக்கு ஒரு டேங்க் போதும். அதனால்தான் க்யூ சீக்கிரம் நகர்கிறது.

#10 கணக்கு_வாத்தியார்

கணக்கு தலைகீழ், நண்பரே. ஐந்துக்கு ஒரு டேங்க் என்றால் நூற்றுக்கு 20 பேர் தேவை. நாலுக்கு ஒன்று என்றால் 25 பேர். உங்கள் ஆட்டத்தில்தான் டேங்க் அதிகம் வேண்டும். க்யூ நகர்கிறது என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

#11 சொர்க்கவாசல்

ஐயோ. ஆமாம். பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறேன் சார்.

#12 வெள்ளை_மந்திரக்காரி

அந்தக் காரணத்தை நான் சொல்கிறேன், எட்டு வருடமாக அதில் ஹீலர்.

முதலில், ஒரே கதாபாத்திரம் எல்லா வேலையும் கற்றுக்கொள்ளலாம். ஆயுதத்தை மாற்றினால் டேங்க், மறுபடி மாற்றினால் ஹீலர். க்யூவில் எந்த வேடம் குறைகிறதோ அதற்குக் கூடுதல் பரிசு என்று திரையிலேயே காட்டும், நம் ஆட்கள் சட்டென்று மாறிக்கொள்வார்கள். இரண்டாவது, ரூலெட். தினம் ஒருமுறை, "எந்தப் பழைய டஞ்சனாக இருந்தாலும் போகிறேன்" என்று பட்டன் அழுத்தினால் நல்ல அனுபவப் புள்ளிகள். அதனால் பத்து வருடப் பழைய ஆளும் நேற்று வந்த புது ஆளும் ஒரே குழுவில் விழுகிறார்கள். கையால் சேர்க்கும் குழுவில் இது நடக்காது. புதுசாக வந்தவரைத் தேடிப்போய் யார் கூப்பிடப் போகிறார்கள்?

என் முதல் டஞ்சன் சஸ்தாஷா. லெவல் 15, கான்ஜுரர் என்கிற ஹீலர் வேடம். கை நடுங்கியது, பொய்யில்லை. உள்ளே போனதும், குழுவில் ஒருவர் இதை இதற்குமுன் முடித்ததில்லை, முடித்தால் எல்லாருக்கும் கூடுதல் பரிசு என்று அறிவிப்பு வந்தது. மானம் போச்சு என்று நினைத்தேன். டேங்க் அப்படியே நின்றார். "முதல் தடவையா? நிதானமாக வாருங்கள்" என்று தட்டினார். அங்கே மூன்று நிறத்தில் பவளம் இருக்கும். எந்த நிறத்தைத் தொட்டால் வழி திறக்கும் என்பது ரத்தக்கறை படிந்த ஒரு தாளில் எழுதியிருக்கும். அந்த டேங்குக்கு அது மனப்பாடமாக இருந்திருக்கும். ஓடிப்போய்த் தொட்டிருக்கலாம். தாள் கிடக்கும் இடத்தில் நின்று என்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், நீ படி என்கிற மாதிரி. கடைசிச் சண்டையில் தண்ணீரில் குமிழி வரும் இடத்தைத் தொட்டால் எதிரிக்கு ஆள் வருவது நிற்கும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

முடிந்ததும் ஒருவருக்குப் பாராட்டுப் புள்ளி கொடுக்கலாம், அவருக்குக் கொடுத்தேன். அந்தப் புள்ளியைச் சேர்ந்தே உள்ளே வந்த நண்பர்களுக்குக் கொடுக்க முடியாது, முன்பின் தெரியாதவர்களுக்குத்தான். அவர் பெயர்கூட இன்று நினைவில் இல்லை, மறுபடி பார்க்கவும் இல்லை.

பழைய_டேங்க் அண்ணா, உங்கள் போலந்துக்காரருக்கு மூன்று வருடம். என்னுடையவருக்கு இருபத்தைந்து நிமிடம். குறைச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை.

#13 மூன்றாம்_ஷிஃப்ட்

அக்கா, சபாஷ்.

#14 பதினாறாயிரம்_டிபிஎஸ்

எல்லாம் சரி, அந்த "நிதானமாக வாருங்கள்" எல்லாம் லெவல் 15இல். பெரிய ரெய்டில் (பெருங்கூட்டமாகப் போகும் சண்டையில்) ஒருத்தன் வழி தெரியாமல் வந்து 24 பேர் நேரத்தை வீணடித்தால் நான் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? கையால் சேர்த்த குழுவில் தகுதி பார்த்து எடுக்கலாம். எனக்கு அதுதான் வேண்டும்.

#15 கில்ட்_கணக்கப்பிள்ளை

தகுதி பார்த்த கதையையும் பேசிவிடலாம். 2009, 2010இல் வார்கிராஃப்டில் கியர்ஸ்கோர் என்று ஒரு ஆட்-ஆன் (இணைப்பு நிரல்) இருந்தது. நீ போட்டிருக்கும் உடுப்பை எல்லாம் கூட்டி ஒரு எண் காட்டும். ஐயாயிரத்துச் சொச்சம் இல்லையென்றால் வாசலிலேயே வெட்டு. அதோடு "முடித்ததற்கான அச்சீவ்மென்ட் காட்டு" என்பார்கள். முடித்தவனுக்குத்தான் முடிக்க இடம். வேலைக்கு முன் அனுபவம் கேட்கும் கம்பெனி மாதிரியேதான்.

நாமே ஆள் சேர்ப்பது என்றால் நாமே ஆளை ஒதுக்குவதும்தான். 2016இல் லீஜியன் விரிவாக்கத்தோடு மித்திக் பிளஸ் (சாவி போட்டுத் திறக்கும் கடினமான டஞ்சன்) வந்தபோது ப்ளிஸர்ட் அதற்குத் தானியங்கி க்யூ வைக்கவில்லை. தலைவர் குழுவைப் பட்டியலில் போட வேண்டும், நாம் விண்ணப்பிக்க வேண்டும். நடந்தது என்ன? ரெய்டர்.ஐஓ என்கிற வெளித்தளத்தின் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கதவு திறக்கும் என்று ஆனது. 2021இல் விளையாட்டுக்குள்ளேயே மதிப்பெண் வந்துவிட்டது. தலைவர் திரையில் முப்பது விண்ணப்பம் குவியும், எண்ணைப் பார்த்து ஒரே விநாடியில் தள்ளுவார். அங்கே நடப்பதும் மேட்ச்மேக்கிங்தான் (ஆள் பொருத்துவதுதான்), இயந்திரம் செய்யும் வேலையை ஒரு மனிதன் எரிச்சலோடு செய்கிறான் என்பது மட்டும் வித்தியாசம்.

#16 பதினாறாயிரம்_டிபிஎஸ்

ஆமாம், தள்ளுவேன். சாவி என்னுடையது, நேரம் என்னுடையது. சும்மா வந்து முதுகில் ஏறிக்கொள்ளும் சோம்பேறிகளுக்கு நான் ஏன் சுமைதாங்கி ஆக வேண்டும்?

#17 வாழைப்பழ_மந்திரவாதி

பதினாறாயிரம் டிபிஎஸ் (விநாடிக்கு அடிக்கும் அடி) எந்த வருடக் கணக்கு சார்? இப்போது செல்லப்பிராணியே அதைவிட அதிகமாக அடிக்கிறது.

#18 இழைக்_காவலர்

சோம்பேறி, செல்லப்பிராணி இரண்டும் போதும். பொருளுக்கு வாருங்கள்.

#19 ரெட்டைக்_கோட்டை

நீங்கள் பட்டன், கையால் சேர்த்த குழு என்று இரண்டையே பேசுகிறீர்கள். மூன்றாவதாக ஒன்று இருந்தது, செத்துப்போனது. சர்வர் பட்டியல்.

டீம் ஃபோர்ட்ரஸ் 2, 2007இல் வந்த ஆட்டம். பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான சர்வர், ஒவ்வொன்றையும் யாரோ ஒரு ஆள் சொந்தக் காசில் நடத்திக்கொண்டிருப்பார். நான் போனது 2ஃபோர்ட் மேப் மட்டுமே ஓடும் ஒன்றுக்கு. 24 மணி நேரமும் அதே மேப், வேறு எதுவும் கிடையாது. யாரையும் கூப்பிட வேண்டாம், குழு சேர்க்க வேண்டாம். நம் தெருமுனை டீக்கடை மாதிரி. யாரையும் அழைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவதில்லை, போனால் இருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஸ்னைப்பர் ஆடும் பிரேசில்காரன் ஒருவன், எப்போதும் தோற்கும் பக்கத்துக்கு மாறிக்கொள்ளும் ஒரு வயசாளி, இருவரையும் குரலில் தெரியும். நட்புக் கோரிக்கை அனுப்பியதே இல்லை.

2016 ஜூலையில் கேஷுவல் க்யூ வந்தது. ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் கம்பெனியின் சொந்த சர்வர்கள் எல்லாம் க்யூவுக்குப் பின்னால் போயின. தொடக்கத்தில் ஒரு ஆட்டம் முடிந்தால் எல்லாரும் கலைந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. தனியார் சர்வர்களை யாரும் மூடச் சொல்லவில்லை. ஆனால் பெரிய பட்டன் எங்கே இருக்கிறதோ அங்கேதானே புது ஆள் போவான்? என் 2ஃபோர்ட் கடையில் ஆறு பேர், நாலு பேர், அப்புறம் பாட்கள் (கணினியே ஆட்டும் பொம்மைகள்). ஒருநாள் பட்டியலில் பெயர் இல்லை.

மேலே கணக்கப்பிள்ளை சொன்ன "ஊர்" இதுதான். குழு சேர்ப்பது எப்படி என்பது இரண்டாவது கேள்வி. திரும்பப் போனால் அதே முகங்கள் இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

#20 மூன்றாம்_ஷிஃப்ட்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கும் டீக்கடை திறந்திருக்குமே.

#21 கணக்கு_வாத்தியார்

எதிரெதிர் அணி ஆட்டங்களில் இன்னொரு சிக்கல். அங்கே ஆள் சேர்ந்தால் போதாது, சமமான ஆளாக இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான ட்ரூஸ்கில் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேலோ 3 ஆட்டம் அதைத்தான் பயன்படுத்தியது. சதுரங்கத்தின் ஈலோ மதிப்பீட்டில் ஆளுக்கு ஒரே எண். இதில் இரண்டு: உன் திறமை எவ்வளவு என்ற ஊகம், அந்த ஊகத்தில் எவ்வளவு சந்தேகம். புது ஆளுக்குத் திறமை 25, சந்தேகம் 8.33. காட்டும் மதிப்பு, திறமையில் சந்தேகத்தைப் போல் மூன்று மடங்கைக் கழித்தது. 25 கழித்தல் 25, பூஜ்யம். எல்லாரும் பூஜ்யத்தில் தொடங்குவது இப்படித்தான். ஆட ஆட சந்தேகம் குறையும்.

சரி, அணி என்றால்? உறுப்பினர்களின் ஆட்டத்தைக் கூட்டினால் அணியின் ஆட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. வெறும் கூட்டல். பொச்சிங்கி_பொன்னன் சொன்ன "வலது பக்க மாடி, ஜன்னல்" இந்தக் கூட்டலில் எங்கேயும் வராது. நாலு வருடம் ஒரே அறையில் இருந்த நாலு பேரும், இப்போதுதான் சந்தித்த நாலு பேரும் கணக்கில் ஒன்றே. மோதவிட்டால் தெரியும் யார் ஜெயிப்பார்கள் என்று.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2016இல் இதைத் தொட்டுச் சுட்டுக்கொண்டது. எத்தனை நண்பர்கள் சேர்ந்து வந்தாலும் ஒரே தரவரிசை க்யூ என்று டைனமிக் க்யூவைக் கொண்டுவந்தார்கள். தனியாக ஆடி ஏறினவர்கள் கொதித்துப்போனார்கள்: அவன் நாலு பேர் தோளில் ஏறி வாங்கிய பட்டமும் நான் தனியாக வாங்கிய பட்டமும் ஒன்றா? அடுத்த வருடத் தொடருக்கே தனி அல்லது இருவர் க்யூ திரும்பி வந்தது, கூட்டமாக வருபவர்களுக்கு வேறு க்யூ.

#22 பொச்சிங்கி_பொன்னன்

வாத்தியாரே, எங்கள் நாலு பேருக்கும் திறமை ஆளுக்குப் பத்துதான். ஆனாலும் ஜெயித்தோம். இன்றைக்குத்தான் காரணம் புரிந்தது.

#23 யாழ்_வில்லாளி

கையால் சேர்த்த குழுவைக் கோயில் மாதிரி பேசுவதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2019இல் வார்கிராஃப்டின் பழைய பதிப்பு கிளாசிக் என்ற பெயரில் மறுபடி வந்தபோது நானும் பழைய வாசனைக்காகத்தான் போனேன். பட்டன் இல்லை, நடை உண்டு, கத்தல் உண்டு. முதல் இரண்டு மாதம் சொர்க்கம். அப்புறம்? சானல் முழுக்க வியாபாரம். மேஜ் (மந்திரவாதி) ஒருவர் டஞ்சனை ஒற்றை ஆளாகத் துடைப்பார், நாலு பேர் தங்கம் கொடுத்துவிட்டு வாசலில் நின்று லெவல் ஏறுவார்கள். வாசலில் நின்ற நாலு பேரில் நானும் ஒருவன். டீ குடித்துக்கொண்டே மூன்று லெவல் ஏறினேன். பட்டன் குழுவில்கூட அவ்வளவு மௌனம் கிடையாது.

பிறகு ஜிடிகேபி. ரெய்டில் விழும் பொருளை விளையாட்டுத் தங்கத்துக்கு ஏலம் விட்டு, தொகையை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அவ்வளவு தங்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலருக்குத் தொண்டை அடைக்கும், வெளியே நிஜக் காசுக்கு வாங்கிய தங்கம் அதில் நிறைய. 2024இல் கிளாசிக்கின் சீஸன் ஆஃப் டிஸ்கவரி பதிப்பில் ஜிடிகேபியைத் தடையே செய்ய வேண்டி வந்தது.

கிளாசிக்கின் இன்னொரு கட்டமான லிச் கிங் கிளாசிக் 2022 செப்டம்பரில் வந்தபோது, மக்கள் பழக்கம் கெடக்கூடாது என்று டஞ்சன் ஃபைண்டரை வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான் வெளியிட்டார்கள். 2023இல் சேர்த்துவிட்டார்கள். அதைச் சேர்த்த வாரம் எனக்கு நினைவிருக்கிறது. 74ஆம் லெவலில் மாதக்கணக்காகத் தேங்கி நின்ற என் ஷாமன் கதாபாத்திரம் அன்றைக்கு ராத்திரியே நாலு டஞ்சன் பார்த்தது. அழுதுகொண்டே நன்றி சொன்னேன் என்று வையுங்கள். பெரிய நகரத்தில் எல்லாரும் உச்ச லெவலான 80ஆகி உட்கார்ந்திருந்தார்கள். 74ஐ யார் கூப்பிடுவார்கள்?

#24 பழைய_டேங்க்

இதைப் படித்தபோது சுருக்கென்றது. நான் பேசுவது எல்லாரும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்த காலத்தை. ரயில் போன பிறகு வந்தவனுக்கு அந்தக் கத்தலால் என்ன பயன் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆனாலும் கேட்கிறேன், டெஸ்டினி ஆட்டம்? 2014இல் வால்ட் ஆஃப் கிளாஸ் ரெய்டுக்கு மேட்ச்மேக்கிங் வைக்கவில்லை. ஆறு பேரை நீயே கொண்டுவா என்றார்கள். அந்த ரெய்டு முடித்தவர்கள் இன்றும் சேர்ந்து ஆடுகிறார்களே.

#25 ரெட்டைக்_கோட்டை

கொண்டுவந்தார்கள், எங்கிருந்து? ஆட்டத்துக்கு வெளியே, ஆள் தேடும் இணையதளங்களிலிருந்து. சேர்ந்து ஆடுபவர்கள் உங்கள் கண்ணில் படுகிறார்கள். ஆறு பேர் கிடைக்காமல் ரெய்டின் வாசலையே பார்க்காதவர்கள் படுவதில்லை. டெஸ்டினி 2க்குள்ளேயே ஆள் தேடும் பலகை வந்தது 2023 கடைசியில். அதுவும் தானாகச் சேர்ப்பதில்லை, நாம் பலகையில் எழுதிப்போட வேண்டும். எனக்கு அதுதான் சரியான அளவு என்று படுகிறது. தேடும் நேரத்தை மட்டும் இயந்திரம் குறைக்கட்டும், யார் என்று நாம் பார்த்துக்கொள்கிறோம்.

#26 வெள்ளை_மந்திரக்காரி

பேசிக்கொண்டே இருக்கிறோம், ஆடுவது எப்போது? சனிக்கிழமை இரவு பத்து மணி, ஃபைனல் ஃபேன்டஸியில் லைட் டேட்டா சென்டர் (சர்வர் தொகுப்பு). நான் ஹீலர். யார் வருகிறீர்கள்?

#27 சொர்க்கவாசல்

நான் அடிக்கிற ஆள். பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டேன்.

#28 மூன்றாம்_ஷிஃப்ட்

இந்த வாரம் பகல் ஷிஃப்ட், வருகிறேன் அக்கா. எனக்கும் அடிக்க மட்டும்தான் தெரியும். நாமே சேர்த்த குழு, பாருங்கள் பழைய_டேங்க் அண்ணா. டேங்க் இடம் உங்களுக்குத்தான்.

#29 பழைய_டேங்க்

சனிக்கிழமையா? மச்சினன் வீட்டில் காதுகுத்து, ஊருக்குப் போகிறோம். அடுத்த வாரம் பார்க்கலாமா?

#30 கணக்கு_வாத்தியார்

100 பேரில் 12 டேங்க் என்றேன். 11 என்று திருத்திக்கொள்கிறேன்.

#31 வெள்ளை_மந்திரக்காரி

சனி இரவு 10:20. மூன்று பேரும் வந்தாயிற்று, சொன்ன நேரத்துக்கு. அரை மணி யாராவது டேங்க் வருவார்களா என்று கேட்டுப் பார்ப்போம் என்றேன், மூன்றாம்_ஷிஃப்ட் கேட்கவில்லை, காலையில் வேலையாம். நாலாவது ஆளுக்குப் பட்டன் அழுத்திவிட்டோம். எட்டு நிமிடம் என்று காட்டுகிறது. சொர்க்கவாசல் அதற்குள் நகரத்துச் சுவரைச் சுற்றி நடந்து வரலாமா என்கிறார். நடந்துகொண்டிருக்கிறோம்.